காய்ச்சலுக்கு ஒத்திகை

என் மகள் படிக்கும் பள்ளிக்கூடத்தில் 'தேர்வு' என்ற சொல்லை யாரும் வாயெடுத்துச் சொல்லக் கூடாது. சொன்னால் பிள்ளைகள் பயந்துவிடுவார்களாம். அதனால் அதற்கு 'மகிழ்ச்சி அளவீடு' என்று பெயர் சூட்டியிருந்தார்கள். நாட்டில் உள்ள மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் எல்லாரும் ஒரே நாளில், ஒரே நேரத்தில், ஒரே மாதிரித் தாளில் நாற்பது கேள்விகளுக்கு மகிழ்ச்சியாகப் பதில் சொல்ல வேண்டும். நாற்பதுக்கு இருபத்து நான்கு வாங்காத பிள்ளையை 'மறுநடவு' செய்வார்கள். மறுநடவு என்றால் மறுபடியும் இரண்டாம் வகுப்பு. அதுவும் ஊருக்கு அந்தப் பக்கம் இருக்கிற வேறொரு கட்டடத்தில். இதற்கும் பயப்படக் கூடாது என்று சுற்றறிக்கையில் தடித்த எழுத்தில் போட்டிருந்தார்கள்.

'மகிழ்ச்சி அளவீடு' பிள்ளைகள் வாயில் நுழையவில்லை. அவர்கள் 'அது' என்றார்கள். "அப்பா, அதுக்கு இன்னும் எழுபது நாள்தான் இருக்கு" என்று பல் தேய்த்துக்கொண்டே என் மகள் சொல்வாள். வீட்டில் பேய் குடிவந்த மாதிரி இருக்கும்.

நான் குழாய் வேலை செய்கிறவன். படிப்பு எனக்கு ஏறவில்லை, அதைப் பற்றி எனக்குப் பெரிய வருத்தமும் கிடையாது. எங்கே ஒழுகுகிறது என்று கண்டுபிடிக்கக் காதும் விரலும் போதும். என் மனைவி ஆஸ்பத்திரிச் சலவைக் கூடத்தில் படுக்கை விரிப்புகளை இஸ்திரி போடுகிறாள். எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே பெண். அவளுக்குப் பள்ளிக்கூடம் என்றால் உயிர். எழுத்துக்கூட்டி மெதுவாகத்தான் படிப்பாள். ஆனால் லீவு நாளில்கூடச் சீருடையை எடுத்து மாட்டிக்கொண்டு திரிவாள். பால்வாடியிலிருந்து கூட உட்கார்ந்திருக்கும் ஒரு சிநேகிதி உண்டு. இரண்டும் ஒட்டிக்கொண்டு பிறக்காத குறைதான்.

பெற்றோர் கூட்டத்துக்கு என்னைத்தான் அனுப்பினாள் மனைவி. தலைமையாசிரியை மேடை ஏறி ஒலிபெருக்கியை இரண்டு தட்டுத் தட்டினார்.

"நம்ம பள்ளியில குழந்தைதான் மையம்" என்றார். "குழந்தையைச் சுத்தி சராசரி இருக்கு. சராசரியைச் சுத்தி நாங்க இருக்கோம். குழந்தை ஆடினா சராசரி ஆடும். சராசரி ஆடினா நான் ஆடிப்போயிடுவேன். போன வருஷம் நம்ம மகிழ்ச்சி சராசரி இருபத்தொன்பது. பக்கத்துப் பள்ளிக்கூடம் முப்பது. அந்த ஒரு மார்க்கை நினைச்சு எனக்கு மூணு மாசம் சோறு இறங்கலை, தூக்கம் இல்லை. அந்த மாதிரி ஒரு நிலைமை எந்தக் குழந்தைக்கும் வரக் கூடாதுன்னுதான் இந்த எழுபது நாள் பயிற்சி."

எல்லாரும் கை தட்டினார்கள். நான் எழுந்து, "மேடம், பாடம் எப்ப நடத்துவீங்க?" என்று கேட்டேன். தெரியாமல்தான் கேட்டேன், குதர்க்கம் இல்லை.

அவர் என்னைப் பரிவோடு பார்த்தார். "பாடமெல்லாம் அளவீடு முடிஞ்சப்புறம். இப்பப் போய் பாடம் நடத்தினா குழந்தைங்க குழம்பிடாதா?"

அதற்கும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். தட்டாதவன் பிள்ளை யார் என்று பார்த்துவைத்துக்கொண்டால் என்ன செய்வது?

மறுநாளே 'வட்ட சார்' வந்து சேர்ந்தார். விடைத்தாளில் ஒவ்வொரு கேள்விக்கும் நான்கு சின்ன வட்டங்கள். சரியான வட்டத்தைப் பென்சிலால் கறுப்பாக்க வேண்டும். அதை மெஷின் படிக்கும். இந்த வட்டம் நிரப்பும் துறையில் பதினாறு வருட அனுபவம் உள்ளவர் என்று அவரை அறிமுகப்படுத்தினார்கள். பிள்ளைகளுக்குப் பத்து நாள், பெற்றோருக்கு மூன்று நாள் வகுப்பு.

"விடை தப்பாப் போனா ஒரு மார்க்தான் போகும்" என்றார் வட்ட சார். "வட்டம் தப்பாப் போனா மனுஷனே போயிடுவான். மெஷினுக்கு நீங்க நல்லவரா கெட்டவரா, படிச்சவரா படிக்காதவரா, ஒண்ணும் தெரியாது. வட்டம் மட்டும்தான் தெரியும். முதல்ல ஓரம். அப்புறம் நடு. மூச்சை விடாதீங்க."

முப்பது தகப்பன் தாய்மார்கள் சின்னப் பெஞ்சுகளில் முழங்கால் இடிக்க உட்கார்ந்து மூச்சைப் பிடித்துக்கொண்டு வட்டம் நிரப்பினோம். இருபது வருடமாக ரெஞ்ச் பிடித்த விரல் என் விரல். என் தாளை எடுத்துப் பார்த்துவிட்டு வட்ட சார் சத்தமாகவே சொன்னார்: "ஐயா, இது வட்டம் இல்லை. உருளைக்கிழங்கு."

சரி, எனக்கு வராவிட்டால் போகிறது, மகளுக்காவது வரட்டும் என்று தினமும் சாயந்தரம் உட்கார வைத்தேன். ஒரு நாளைக்கு இருநூறு வட்டம் நிரப்பிக் கையெழுத்து வாங்கிப் போக வேண்டும். முதல் நாள் அவள் தாளைப் பார்த்தால் எந்தக் கேள்விக்கும் ஒரு வட்டம் மிச்சமில்லை. நான்கையும் அழகாக, ஓரம் பிசகாமல் நிரப்பி வைத்திருந்தாள்.

"ஏம்மா, ஒண்ணைத்தானே ரொப்பணும்?"

"ஒண்ணை மட்டும் ரொப்பினா மத்த மூணும் பாவம்பா. பட்டினியா இருக்கும்ல?"

எனக்குச் சிரிப்பு வந்தது. அப்படியே அள்ளித் தூக்கிக் கொஞ்சியிருக்கலாம். செய்யவில்லை. எழுபது நாளில் ஒன்பது நாள் ஓடிவிட்டது என்ற நினைப்புதான் முன்னால் வந்து நின்றது. அழிரப்பரை எடுத்துக் கையில் கொடுத்து, மூன்று மூன்றாக அழிக்கச் சொன்னேன். அன்று சாயந்தரம் முழுக்க என் மகளுக்குப் பாவம் பார்க்காமல் இருப்பது எப்படி என்று கற்றுக்கொடுத்தேன். நான்கே நாளில் கற்றுக்கொண்டாள்.

அடுத்தது வாசிப்பு. அளவீட்டில் வரும் பத்தி எட்டு வரிதான். அதனால் எட்டு வரிக்கு மேல் எதையும் பிள்ளைகள் படிக்கக் கூடாது, கவனம் சிதறும் என்று மேலிடத்து உத்தரவு. கதைப் புத்தக அலமாரிக்குப் பூட்டுப் போட்டுச் சாவியைத் தலைமையாசிரியை தன் மேஜையில் வைத்துக்கொண்டார். வாசிக்கும் பழக்கத்தை வளர்ப்பதற்காக இந்த ஏற்பாடு என்று சுற்றறிக்கை சொன்னது.

அவர்கள் கொடுத்த மாதிரிப் பத்தியில் ஓர் ஆட்டுக்குட்டி மழையில் தாயைத் தொலைத்துவிட்டு, கத்திக்கொண்டே ஒரு பாலம் வரைக்கும் வருகிறது. எட்டு வரி முடிந்துவிட்டது. கீழே கேள்விகள்: ஆட்டுக்குட்டியின் நிறம் என்ன? பாலம் எதனால் ஆனது? 'நனைந்தது' என்ற சொல்லின் எதிர்ச்சொல் யாது? என் மகள் ஒன்றுக்கும் பதில் எழுதாமல் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாளாம். பின்பக்கம் வெள்ளையாக இருந்திருக்கிறது. டீச்சரிடம் போய், "அம்மா ஆடு கெடச்சுதா மிஸ்?" என்று கேட்டிருக்கிறாள்.

"அது கேள்வியில இல்லை. போய் உட்காரு."

வீட்டுக்கு வந்து என்னைக் கேட்டாள். கிடைத்திருக்கும் என்றேன். "அப்ப ஏம்பா அதை எழுதலை?" என்றாள். எழுத மறந்திருப்பார்கள் என்று மழுப்பினேன். ஆட்டுக்குட்டியின் நிறம் பழுப்பு. இன்றைக்குக் கேட்டாலும் சொல்வேன்.

முதல் மாதிரி அளவீடு முடிந்ததும் பிள்ளைகளை மூன்றாகப் பிரித்துச் சட்டையில் ஒட்டிக்கொள்ள ஆளுக்கொரு வில்லை கொடுத்தார்கள். மலர், மொட்டு, விதை. என் மகள் சட்டையில் 'விதை' என்று இருந்தது. எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. விதைதானே எல்லாவற்றுக்கும் மூலம்? தெருவில் பார்த்தவர்களிடம் எல்லாம் சொன்னேன். குழாய்ச் சாமான் வாங்கப் போன கடையில் அரையங்குல எல்போ இரண்டு கேட்டுவிட்டு, "எம்பொண்ணு விதை" என்றேன்.

கடைக்காரர் எல்போவைத் தேடுகிற மாதிரி கொஞ்ச நேரம் குனிந்தே இருந்தார். அவர் பையன் மலர். "யோவ், தப்பா எடுத்துக்காதே" என்றார் பிறகு. "விதைன்னா இன்னும் முளைக்கலைன்னு அர்த்தம். கடைசி."

வீட்டில் சொன்னபோது என் மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். "இது தெரியாம ஊரெல்லாம் தம்பட்டம் அடிச்சுட்டு வந்திருக்கீங்க!"

மகள் வாங்கியது நாற்பதுக்குப் பதினொன்று. அன்றையிலிருந்து எங்கள் வீட்டில் வேறு பேச்சே இல்லை. நாளெல்லாம் ஆவியில் நின்று வெந்த கையோடு வந்து என் மனைவி கணக்குக் கேட்பாள். நான் வேலைக்குப் போகிற வீடுகளில் குழாயைக் கழற்றி வைத்துவிட்டு, அந்த வீட்டுப் பிள்ளைகளிடம் எதிர்ச்சொல் விசாரித்துக்கொண்டு வருவேன். மகளுக்கு விளையாட்டு போயிற்று, படம் வரைவது போயிற்று. 'ஏன்' என்று கேட்பதும் போயிற்று. ஆனால் பதினொன்று பதினான்காயிற்று. பதினான்கு பதினேழாயிற்று. கடைசி மாதிரி அளவீட்டில் இருபது. அன்று அவள் ஓடிவந்த ஓட்டத்தில் ஒரு செருப்பு தெருவிலேயே கிடந்தது.

"இன்னும் நாலே நாலுப்பா! அது அன்னைக்கு நான் வாங்கிடுவேன். நீ பாரு!"

அவள் எதையும் இவ்வளவு ஆசைப்பட்டு நான் பார்த்ததில்லை. பொம்மை கேட்டு அழாத பிள்ளை. அந்த நாலு மார்க் மட்டும்தான் அவளுக்கு வேண்டியிருந்தது.

அளவீட்டுக்கு ஐந்து நாள் முன்னால் தலைமையாசிரியை என்னைக் கூப்பிட்டனுப்பினார். பள்ளிக் கழிப்பறையில் ஏதோ உடைந்துவிட்டது என்று நினைத்து நான் சாமான் பையைத் தூக்கிக்கொண்டு போய் நின்றேன்.

"பையை வெளியில வைங்க" என்றார். உட்காரச் சொன்னார். அவருக்குப் பின்னால் சுவர் முழுக்க ஒரு வரைபடம். சிவப்புக் கோடு ஒன்று மலையேறிக்கொண்டே போய், போன வருடத்தில் கொஞ்சம் சறுக்கியிருந்தது. சறுக்கிய இடத்தில் யாரோ பொட்டு மாதிரி ஒரு காகிதம் ஒட்டி மறைத்திருந்தார்கள்.

"உங்க பொண்ணு நல்லா முன்னேறிட்டு வர்றா. இல்லைன்னு சொல்லலை. ஆனா சராசரி யாருக்காகவும் காத்திருக்காது."

"இருபது வாங்கிட்டா மேடம். நாலு மார்க்தான் குறையுது."

"அந்த நாலு மார்க் வந்தா அவளுக்கு நல்லது. வராம போனா பள்ளிக்குக் கெட்டது. எனக்கு ரெண்டும் ரெண்டு கண்ணு. ஆனா குறி பார்க்கணும்னா ஒரு கண்ணை மூடித்தானே ஆகணும்?"

எனக்கு விளங்கவில்லை. விளங்கவில்லை என்று சொன்னேன்.

"அன்னைக்கு அவ வர வேண்டாம்" என்றார். "அவ்வளவுதான். எழுதி இருபத்து மூணு வாங்கினா மறுநடவு; நானே நினைச்சாலும் தடுக்க முடியாது. எழுதவே வரலைன்னா 'அளவிடப்படாதவர்'னு போட்டுடுவாங்க. நாலாம் வகுப்புக்கு வந்துடுவா, தன் சிநேகிதியோட உட்காருவா. நீங்க அப்பா. நீங்களே சொல்லுங்க, எது அவளுக்கு நல்லது?"

மறுநடவுக் கட்டடத்தை நான் பார்த்திருக்கிறேன். ஒரு முறை அங்கே தொட்டி அடைப்பெடுக்கப் போயிருந்தேன். வளர்ந்த பிள்ளைகள் சின்னப் பெஞ்சுகளில் முழங்கால் வெளியே தெரிய உட்கார்ந்திருந்தார்கள். நான் உள்ளே போனபோது ஒரு பிள்ளைகூட நிமிர்ந்து பார்க்கவில்லை. அங்கே என் மகளை நினைத்துப் பார்த்தேன். 'அவள் வாங்கிவிடுவாள் மேடம், எழுதட்டும்' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். வாய் வரைக்கும் வந்தது. எனக்கே நம்பிக்கை இல்லை, அதுதான் உண்மை. அவள் என்னை நம்பிய அளவில் பாதிகூட நான் அவளை நம்பவில்லை.

அவர் இழுப்பறையிலிருந்து ஒரு படிவம் எடுத்தார். 'மாணவர் வராமைக்கான காரணம்' என்று அச்சடித்து, கீழே நான்கு வட்டம். அ) காய்ச்சல். ஆ) வயிற்றுக் கோளாறு. இ) கால் சுளுக்கு. ஈ) நெருங்கிய உறவினர் மரணம்.

"எதை நிரப்பட்டும்?"

"உங்களுக்குக் காய்ச்சல் ஒதுக்கியிருக்கோம். பதினோரு விதைங்களுக்கும் ஒரே வியாதி போட்டா நல்லா இருக்காதில்ல? மரணம்தான் வேணும்னு ரெண்டு பேர் அடம் பிடிக்கிறாங்க. அதுக்கு ஆள் காட்டணும்னு சொல்லிட்டேன்."

நிரப்பினேன். முதலில் ஓரம். அப்புறம் நடு. அவர் தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, "எவ்வளவு அழகா வந்திருக்கு! பயிற்சி வீண் போகலை பாருங்க" என்றார். நிஜமாகவே சந்தோஷப்பட்டார்.

நான் எழுந்தபோது கடைசியாக ஒன்று சொன்னார். "சில பள்ளிக்கூடங்கள்ல நேர்மையே இல்லாம, சரியாப் படிக்காத குழந்தைகளை வர வேண்டாம்னு சொல்லிடறாங்களாம். என்ன அநியாயம்! அதனால அளவீட்டு அலுவலகத்துலேர்ந்து வீட்டுக்கே ஆள் அனுப்பிப் பார்க்கறாங்க. காய்ச்சல் இல்லைன்னு தெரிஞ்சா அது பூஜ்ஜியம், நேரா மறுநடவுதான். குழந்தையை நல்லாத் தயார் பண்ணி வைங்க."

வீட்டில் என் மனைவி நான் சொன்னதை முழுக்கக் கேட்டாள். "நாக்கைப் புடுங்கிக்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டுட்டு வருவீங்கன்னு பார்த்தா, வட்டம் ரொப்பிக் கொடுத்துட்டு வந்து நிக்கறீங்க" என்றாள். பிறகு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். அழுது முடித்துவிட்டுத்தான் பேசினாள்.

"நீங்களே அவகிட்ட சொல்லுங்க. என்னால முடியாது."

நான்கு நாள் தள்ளிப்போட்டேன். அளவீட்டுக்கு முந்தைய நாள் சாயந்தரம் மகள் தரையில் காகிதம் விரித்துப் பென்சில் சீவிக்கொண்டிருந்தாள். இரண்டு பென்சில், ஒரு ரப்பர். சீருடையைத் தானே மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்திருந்தாள், சுருக்கம் போக.

"நாளைக்கு உனக்குக் காய்ச்சல்மா" என்றேன். வேறெப்படிச் சொல்வதென்று தெரியவில்லை.

கழுத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். "இல்லையேப்பா."

"நாளைக்கு வரும்."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"ஸ்கூல்ல சொல்லிட்டாங்க."

பள்ளிக்கூடம் சொல்லிவிட்டால் அவளுக்கு அதற்கு மேல் விசாரணை கிடையாது. ஆனால் உதடு துடித்தது. "அப்ப அது?" என்றாள். "நாலு மார்க் வாங்கணுமேப்பா."

அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு என்னால் இருக்க முடியவில்லை. அப்போதுதான் அந்தப் பொய்யைச் சொன்னேன். யாரும் சொல்லித்தரவில்லை, என் சொந்தச் சரக்கு. "அது உனக்கு வீட்டுலயே நடக்கும்மா. ஒருத்தர் வந்து உன்னைப் பார்ப்பார். நீ காய்ச்சல்காரி மாதிரி படுத்திருக்கணும். அதுதான் கேள்வி."

"ஒரே கேள்வியா?"

"ஒரே கேள்வி."

"வட்டம் யாரு ரொப்புவா?"

"அவரே ரொப்பிக்குவார்."

அவள் யோசித்தாள். மெல்ல முகம் தெளிந்தது. பென்சில்களைப் பெட்டியில் போட்டு மூடிவிட்டுக் கட்டிலில் ஏறிப் படுத்துக்கொண்டாள். "அப்ப வாப்பா, பழகலாம். கண்ணு தொறந்திருக்கணுமா, மூடியிருக்கணுமா?"

"பாதி."

"இப்படியா?"

"இன்னும் கொஞ்சம் மூடு."

"இருமலுக்கு மார்க் உண்டா?"

உண்டு என்றேன். இருமிக் காட்டினாள். சரியாக இருக்கிறதா என்று என் முகத்தைப் பார்த்தாள். மறுபடி இருமினாள். எழுபது நாளாக எதைக் கொடுத்தாலும் பழகிப் பழகியே மார்க் வாங்கிய பிள்ளை. இதையும் அப்படித்தான் எடுத்துக்கொண்டாள். முனகலை மூன்று விதமாக முனகி, எது நல்லது என்று கேட்டாள். இரண்டாவது என்றேன்.

சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றது. என் மனைவி வாசற்படியில் வந்து நின்றாள். திட்டப்போகிறாள் என்று நினைத்தேன். திட்டினால் தேவலை என்றும் இருந்தது. அவள் ஆஸ்பத்திரியில் எத்தனையோ நோயாளிகளைப் பார்த்தவள். ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு, "காய்ச்சல்காரங்க இவ்வளவு வெடுக்குன்னு திரும்ப மாட்டாங்கடி" என்றாள். "மெதுவா. வலிக்கிற மாதிரி. ஆங், அப்படி." கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அவளே தோளைப் பிடித்துத் திருப்பிக் காட்டினாள்.

மறுநாள் காலையில் பிள்ளைகள் தெருவில் சீருடையோடு போனார்கள். சிநேகிதி ஜன்னலுக்கு வெளியே நின்று, "ஏய், வர்லியாடி?" என்று கூப்பிட்டாள். என் மகள் கண்ணைப் பாதி மூடிக்கொண்டு அசையாமல் கிடந்தாள். நான் போய் ஜன்னலைச் சாத்தினேன். மனைவி வேலைக்குப் போயிருந்தாள். போகும்போது பிள்ளை நெற்றியில் ஈரத்துணி போட்டுவிட்டுப் போனாள்.

பதினோரு மணிவாக்கில் அலுவலர் வந்தார். ஒல்லியான மனிதர், தோளில் பை, வெயிலில் நடந்து களைத்த முகம். தண்ணீர் வாங்கிக் குடித்தார். தெர்மாமீட்டரை உதறிப் பிள்ளையின் நாக்கடியில் வைத்துவிட்டு, படிவத்தை மடியில் விரித்துக்கொண்டு காத்திருந்தார். எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார். துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார்.

"சூடு ஒண்ணும் இல்லையே" என்றார் மெதுவாக.

நான் ஈரத்துணியை எடுத்து மடித்து மறுபடி மகள் நெற்றியில் போட்டேன்.

அவர் படிவத்தை என் பக்கம் திருப்பிக் காட்டினார். காய்ச்சலின் அளவு: அ) மிதம். ஆ) அதிகம். இ) மிக அதிகம். "பாருங்க, இல்லைன்னு போட இதுல வட்டமே கிடையாது. நான் என்ன பண்ண?" என்று சொல்லிவிட்டு, 'மிதம்' என்ற வட்டத்தை நிரப்பினார். பிறகு கட்டில் பக்கம் குனிந்தார். "எங்கம்மா வலிக்குது?"

என் மகள் மெதுவாக, தோள் வலிக்கிற மாதிரி, அவர் பக்கம் திரும்பினாள். "உடம்பு முழுக்க சார்."

"எப்பலேர்ந்து?"

"நேத்து சாயந்தரத்துலேர்ந்து." இரண்டாவது முனகலை முனகினாள். பிறகு, கேட்காமலேயே இருமினாள்.

அலுவலர் படிவத்தை மடித்துப் பையில் போட்டார். எழுந்து வாசலுக்கு வந்ததும் குரலைத் தாழ்த்தினார். "இன்னைக்கு ஏழு வீடு பார்த்துட்டேன். கோடி வீட்டுல ஒரு பையன், கால் சுளுக்குன்னு போட்டிருக்கு. நான் போறப்ப மதில் மேல ஓடிட்டிருக்கான். உங்க பொண்ணு மாதிரி யாரும் தயாராகலை. சொல்லிக்கொடுத்தா கப்புன்னு புடிச்சுக்கற பிள்ளையா இருக்காளே. நல்லாப் படிப்பாளா?"

"படிப்பாங்க" என்றேன்.

"அப்புறம் எதுக்குங்க..." என்று ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்திக்கொண்டார். பையை மூடித் தோளில் மாட்டிக்கொண்டு படியிறங்கினார்.

நான் உள்ளே வந்தேன். ஈரத்துணி கீழே கிடந்தது. கட்டிலில் எழுந்து உட்கார்ந்திருந்தாள். கண் இரண்டும் முழுசாகத் திறந்து பளபளவென்றிருந்தது.

"பாஸாப்பா?"

"பாஸ்மா."

"எத்தனைக்கு எத்தனை?"

"நாப்பதுக்கு நாப்பது."

"நெஜம்மாவா? மலர் பிள்ளைங்களுக்குக்கூட நாப்பது வந்ததில்லைப்பா!" கட்டிலிலேயே ஒரு குதி குதித்தாள். "அம்மாகிட்ட நான்தான் சொல்வேன், நீ சொல்லக் கூடாது. அப்பா, இப்ப எந்திரிச்சு ஓடட்டா?"

திறந்த கதவு வழியாகத் தெருவைப் பார்த்தேன். அலுவலர் இரண்டு வீடு தள்ளி, மதில் நிழலில் நின்று ஏதோ எழுதிக்கொண்டிருந்தார்.

"இன்னும் கொஞ்ச நேரம்மா" என்றேன். "அவர் தெருவைத் தாண்டலை."

என் மகள் எதிர்ப்பேச்சுப் பேசவில்லை. மெதுவாகச் சாய்ந்து படுத்தாள். துணியை எடுத்துத் தானே நெற்றியில் போட்டுக்கொண்டு கண்ணைப் பாதி மூடினாள்.